வயர்ஷார்க்: சாக்கெட் ஸ்கிரிப்டுக்கும் சர்வருக்கும் நடுவே நிற்கும் சாட்சி

சாக்கெட் (நெட்வொர்க்கோடு பேச நிரல் திறக்கும் வாசல்) வழியாக ஓர் இணையப் பக்கத்தை எடுத்து வரும் ஸ்கிரிப்ட் பெரும்பாலும் இருபது வரியைத் தாண்டாது. சாக்கெட்டைத் திற, சர்வரோடு இணை, கோரிக்கையை அனுப்பு, பதிலை வாங்கு, மூடு. இவ்வளவுதானே என்று நம்பித் தொடங்குகிறவர்கள் மறுநாளும் அதே இருபது வரியை உற்றுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பிழைச் செய்தி எதுவும் வராது. திரையில் கர்சர் மட்டும் மினுக்கும். அல்லது பாதிப் பக்கம் வரும். அல்லது நேற்று வந்த பக்கம் இன்று வராது. அப்போது யாராவது ஒருவர் வந்து "டைம்அவுட்டைக் கூட்டிப் பாருங்களேன்" என்பார். அந்த அறிவுரையைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. எதற்காகக் காத்திருக்கிறோம் என்றே தெரியாதபோது இன்னும் கொஞ்சம் காத்திருந்து என்ன ஆகப்போகிறது?

புதிதாக நிரல் எழுத வருகிறவர்களின் ஸ்கிரிப்டுகளைப் பார்த்துக் கோளாறு சொல்வது என் வேலையில் ஒரு பகுதி. அதற்காக நான் திறக்கும் முதல் கருவி வயர்ஷார்க். கணினிக்கும் நெட்வொர்க்குக்கும் நடுவே போய்வரும் பாக்கெட்டுகளை, அதாவது தரவுத் துண்டுகளை, பிடித்துக் காட்டும் மென்பொருள் அது. இந்த மதிப்புரை அந்த ஒரே வேலையை மனத்தில் வைத்து எழுதியது. நிறுவனம் முழுவதற்குமான பாதுகாப்புக் கண்காணிப்பு, குரல் அழைப்புகளின் தரம் என்று அது செய்யும் வேறு நூறு வேலைகளைப் பற்றி இங்கே பேச்சில்லை. ஐந்துக்கு நான்கு தருவேன். மீதி ஒன்றை ஏன் தரவில்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

ஜெரால்ட் கோம்ஸ் 1998-இல் ஈதீரியல் என்ற பெயரில் வெளியிட்ட மென்பொருள் இது. 2006-இல் வயர்ஷார்க் என்று பெயர் மாறியது. இலவசம், திறமூலம், லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஓடும். 2015-இல் வந்த இரண்டாம் பதிப்பில் முகப்பை அடியோடு மாற்றிவிட்டார்கள் என்பதால், அதற்கு முந்தைய வழிகாட்டிகளைத் திறந்து வைத்துக்கொண்டு மெனுக்களைத் தேடாதீர்கள். நிறுவும்போது ஓர் இடத்தில் மட்டும் கவனம் தேவை. விண்டோஸில் என்பிகேப் என்ற துணைநிரலையும் சேர்த்து நிறுவ வேண்டும். அது இல்லாமல் பாக்கெட்டுகளைப் பிடிக்க முடியாது. டெபியன், உபுண்டு வகை லினக்ஸில், நிர்வாகி அல்லாதவர்களும் பாக்கெட் பிடிக்கலாமா என்று நிறுவி கேட்கும். இயல்பான பதில் "வேண்டாம்". பலரும் என்டரைத் தட்டி அதைக் கடந்துவிட்டு, பிறகு வயர்ஷார்க் எந்த நெட்வொர்க் இணைப்பையும் காட்டவில்லையே என்று அதை ரூட் அதிகாரத்தில் ஓட்டுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். பாக்கெட்டைப் பிடிக்கும் வேலையை டம்ப்கேப் என்ற சிறு நிரல் தனியாகச் செய்கிறது. அதிகாரம் அதற்கு மட்டும் போதும். "சரி" என்று சொல்லி, உங்கள் பயனர் பெயரை வயர்ஷார்க் குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி உள்ளே வந்தால் முடிந்தது.

பிடிக்கத் தொடங்கிய பிறகுதான் ஸ்கிரிப்டை ஓட்ட வேண்டும். முன்பே ஓட்டிவிட்டால் இணைப்பு தொடங்கிய கணம் பதிவாகாது; பாதிக் கதையை வைத்துக்கொண்டு ஊகிக்க வேண்டியதாகிவிடும். ஓட்டி முடித்ததும் பட்டியலில் உங்கள் ஸ்கிரிப்டின் ஏதாவது ஒரு பாக்கெட்டின் மீது வலது பொத்தானை அழுத்தி, "ஃபாலோ" என்பதில் "டிசிபி ஸ்ட்ரீம்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். (டிசிபி என்பது இரு கணினிகள் இணைப்பு ஏற்படுத்திப் பைட்டுகளைப் பரிமாறும் நெறிமுறை.) ஒரு சாளரம் திறக்கும். உங்கள் ஸ்கிரிப்ட் அனுப்பியது சிவப்பில், சர்வர் அனுப்பியது நீலத்தில். இந்த ஒரு சாளரத்துக்காகவே நான் இந்தக் கருவியை வைத்திருக்கிறேன் என்று சொன்னாலும் தவறில்லை. நிரலில் எழுதியிருப்பதற்கும் வெளியே போனதற்கும் உள்ள வித்தியாசத்தை இதைப் போல முகத்துக்கு நேரே காட்டுவது வேறெதுவும் இல்லை.

மிக அதிகமாக என்னிடம் வரும் புகார் "தொங்கி நிற்கிறது" என்பது. அதில் இரண்டு வகை உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வயர்ஷார்க்கில் பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

முதல் வகை, கோரிக்கை முடிந்துவிட்டது என்று சர்வருக்குத் தெரியாமல் போவது. இணையப் பக்கங்களைக் கேட்டு வாங்கும் நெறிமுறையான எச்டிடிபியில், கோரிக்கையின் ஒவ்வொரு வரியும் 13, 10 என்ற இரண்டு பைட்டுகளோடு (வரிமுடிவுக் குறியீடு) முடிய வேண்டும். எல்லா ஹெடர்களும் (கோரிக்கையின் விவர வரிகள்) முடிந்த பிறகு ஒரு வெற்று வரி வர வேண்டும். அந்த வெற்று வரி வரும்வரை சர்வர் "இன்னும் ஹெடர் வரலாம்" என்று பொறுமையாகக் காத்திருக்கும். நம் ஸ்கிரிப்டோ பதிலுக்காகக் காத்திருக்கும். இருவருக்கும் பிழை எதுவும் தெரியாது. வயர்ஷார்க் பட்டியலில் இது எப்படித் தெரியும் என்றால், முதலில் இணைப்பைத் தொடங்கும் கைகுலுக்கலான சின், சின்-ஏக், ஏக் என்ற மூன்று பாக்கெட்டுகள், இணைப்பு கிடைத்துவிட்டது. அடுத்து நம் கோரிக்கை. அடுத்து சர்வரிடமிருந்து ஒரு வெறும் ஏக். பிறகு அமைதி. அந்த ஏக்கைப் பார்த்ததும் ஃபயர்வால், வைஃபை, ப்ராக்ஸி என்று யாரையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. நாம் அனுப்பிய பைட்டுகள் அந்தப் பக்கத்து இயங்குதளம் வரை போய்ச் சேர்ந்துவிட்டன என்பதற்கு அதுவே ஒப்புகை. இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. புரோட்டகால் பத்தியில் அந்தக் கோரிக்கைக்கு நேரே எச்டிடிபி என்று வராமல் டிசிபி என்றே நிற்கும். ஏனென்றால் வயர்ஷார்க்கும் அதே வெற்று வரிக்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறது! இதைக் கவனிக்கப் பழகியவர்களுக்கு ஸ்ட்ரீம் சாளரத்தைத் திறக்கும் வேலைகூட மிச்சம்.

திறந்தால் அந்த வெற்று வரி ஏன் போகவில்லை என்பதும் தெரிந்துவிடும். பிஎச்பி, பெர்ல் போன்ற மொழிகளில் ஒற்றை மேற்கோளுக்குள் வரிமுடிவுக் குறியீட்டை எழுதினால் அது வரிமுடிவாக மாறாது. பின்சாய்கோடு, ஆர், பின்சாய்கோடு, என் என்று நான்கு எழுத்துகளாகவே போகும். சிவப்பு எழுத்துகளுக்கு நடுவே அவை அப்படியே அச்சடித்ததுபோல் தெரியும். பைத்தானில் வேறு வகை. கோரிக்கை அழகாகத் தெரிய வேண்டும் என்று மூன்று மேற்கோள்களுக்குள், செயற்கூற்றின் உள்தள்ளலோடு சேர்த்து எழுதுகிறார்கள். ஹோஸ்ட் ஹெடருக்கு முன்னால் நான்கு இடைவெளிகள் ஒட்டிக்கொள்கின்றன. இடைவெளியோடு தொடங்கும் வரியைத் தனி ஹெடராக ஏற்கக் கூடாது என்பது எச்டிடிபி விதி. எனவே சர்வர் ஒன்று அந்த வரியைத் தள்ளிவிடும், அல்லது கோரிக்கையையே 400 (தவறான கோரிக்கை) என்று திருப்பி அனுப்பும். கடைசி வரி இன்னும் வேடிக்கை. கண்ணுக்கு அது வெற்று வரி. உள்ளே நான்கு இடைவெளிகள். ஸ்ட்ரீம் சாளரத்தில் காட்சி முறையை "ஹெக்ஸ் டம்ப்" என்று மாற்றுங்கள். 13, 10-இன் பதினாறடி வடிவமான 0டி 0ஏ, 0டி 0ஏ என்று அடுத்தடுத்து வர வேண்டிய இடத்தில் நடுவே 20 20 20 20 என்று இடைவெளிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். இயல்பான ஆஸ்கி காட்சியில் இது தெரியாது. 13 இல்லாமல் 10 மட்டும் போயிருந்தாலும் ஆஸ்கி காட்சியில் வித்தியாசம் இருக்காது. பல சர்வர்கள் வெறும் 10-ஐயும் வரிமுடிவாக ஏற்றுக்கொள்ளும். அதற்கு விதியும் இடம் தருகிறது, ஆனால் கட்டாயப்படுத்துவதில்லை. ஒரு தளத்தில் ஓடிய ஸ்கிரிப்ட் இன்னொரு தளத்தில் ஓடாமல் போவதற்கு இந்த ஒரு பைட் போதும்.

இரண்டாவது வகைத் தொங்கலில் பதில் முழுமையாக வந்துவிட்டிருக்கும். நூற்றில் சில பங்கு விநாடியில் பக்கம் முழுவதும் வந்து சேர்ந்ததை வயர்ஷார்க் காட்டும். ஆனால் ஸ்கிரிப்ட் நகராது. எச்டிடிபி 1.1-இல் சர்வர் பதிலை அனுப்பிவிட்டு இணைப்பை மூடாமல் திறந்தே வைத்திருக்கும். அடுத்த கோரிக்கை வரலாம் என்று. நம் ஸ்கிரிப்டோ "ரிசீவ் வெறுமையைத் தரும்வரை படி" என்று எழுதப்பட்டிருக்கிறது. (ரிசீவ் என்பது வந்த பைட்டுகளை வாங்கும் அழைப்பு.) இணைப்பு மூடப்பட்டால்தான் வெறுமை வரும். இங்கே பார்க்க வேண்டியது நேரப் பத்தி. "வியூ" மெனுவில் நேரக் காட்சியை "முந்தைய பாக்கெட்டிலிருந்து கடந்த விநாடிகள்" என்று மாற்றிக்கொண்டால், பதிலின் கடைசிப் பாக்கெட்டுக்கும் இணைப்பை மூட சர்வர் அனுப்பும் ஃபின் பாக்கெட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி பளிச்சென்று தெரியும். அந்த எண்ணே பல நேரங்களில் துப்புக் கொடுத்துவிடும். அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருளில் இயல்பான காத்திருப்பு 5 விநாடி. என்ஜின்எக்ஸ் என்ற இன்னொன்றில் 75, அதோடு வரும் மாதிரி அமைப்புக் கோப்பில் 65 என்று எழுதியிருக்கும். "ஒரு நிமிடத்துக்கு மேல் தொங்கிவிட்டுப் பிறகு சரியாக வருகிறது" என்று யாராவது சொன்னால் எனக்கு வயர்ஷார்க்கைத் திறக்கும் முன்பே பாதி புரிந்துவிடும். கோரிக்கையில் "கனெக்‌ஷன்: க்ளோஸ்" என்று ஒரு ஹெடரைச் சேர்த்தால் சர்வர் பதிலை அனுப்பிவிட்டு இணைப்பை மூடிவிடும். முறையாகச் செய்ய வேண்டுமானால் கன்டென்ட்-லெங்த் ஹெடரைப் படித்து, அத்தனை பைட்டுகள் வந்ததும் நிறுத்த வேண்டும்.

டைம்அவுட்டைக் கூட்டச் சொல்கிறவர்களின் அறிவுரை இந்த இரண்டாம் வகையில் சில நேரம் "வேலை செய்துவிடும்". அதுதான் அந்த அறிவுரை இன்னும் சாகாமல் இருப்பதற்குக் காரணம்.

பாதிப் பக்கம் மட்டும் வருவது அடுத்த புகார். 1024 பைட் படி என்று ரிசீவை ஒரே ஒரு முறை அழைத்துவிட்டு, கிடைத்ததே மொத்தம் என்று எடுத்துக்கொள்வது. டிசிபி என்பது பைட்டுகளின் ஓட்டம். செய்தி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதற்கு அதில் எல்லைக் கல் கிடையாது. கேட்டது 1024 என்றாலும் ரிசீவ் அதைவிடக் குறைவாகவும் தரலாம். வயர்ஷார்க்கில் இதற்கு ஒரு தெளிவான தடயம் உண்டு. பட்டியலில் அடர்சிவப்புப் பின்னணியில், இணைப்பைச் சட்டென்று முறிக்கும் ஒரு ரீசெட் பாக்கெட் நிற்கும். பார்த்ததும் பதறி "சர்வர் இணைப்பைத் துண்டித்துவிட்டது" என்கிறார்கள். அனுப்புநர் பத்தியைப் பாருங்கள். அது உங்கள் கணினியின் முகவரி! வந்து குவிந்த பைட்டுகளைப் படிக்காமலே சாக்கெட்டை மூடினால், லினக்ஸ் நாகரிகமாக ஃபின் அனுப்பி விடைபெறாது. ரீசெட் அனுப்பிக் கதவைச் சாத்திவிடும். கூடவே சர்வர் அனுப்பிய மீதிப் பாக்கெட்டுகளும் பட்டியலிலேயே இருக்கும். பக்கம் முழுவதும் வீட்டு வாசல் வரை வந்திருக்கிறது, நாம்தான் எடுத்துக்கொள்ளவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு கோளாறு தமிழ்ப் பக்கங்களை எடுக்கிறவர்களுக்கு நிச்சயம் வரும். யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட்டுகள். 'கி' என்பது க-வும் இகரக் குறியும் சேர்ந்தது என்பதால் ஆறு. 1024 மூன்றால் வகுபடாத எண். எனவே 1024 பைட்டுகளாக வாங்கி, வாங்கிய ஒவ்வொரு துண்டையும் உடனுக்குடன் எழுத்தாக மாற்றினால், ஏதோ ஒரு துண்டின் விளிம்பில் ஒரு குறியீடு இரண்டாக வெட்டுப்படும். பைத்தான் உடனே பிழை எறிந்து நின்றுவிடும். ஆங்கிலப் பக்கத்தில் வாரக்கணக்கில் ஓடிய ஸ்கிரிப்ட் தமிழ்ப் பக்கத்தில் விழுந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். எல்லாத் துண்டுகளையும் பைட்டுகளாகவே சேர்த்து, கடைசியில் ஒரே முறை மாற்றுவதுதான் வழி. படிக்கும் அளவை 1023 ஆக்கினால் மூன்றால் வகுபடுமே என்று ஒருவர் கெட்டிக்காரத்தனமாகக் கேட்டார். ஹெடர்களும் குறிச்சொற்களும் ஒற்றைப் பைட் எழுத்துகள். ரிசீவும் கேட்ட அளவைச் சரியாகத் தருவதாக வாக்குக் கொடுக்கவில்லை. எனவே அது நடக்காது.

இங்கேதான் வயர்ஷார்க்கின் எல்லையும் தெரிகிறது. கம்பியில் என்ன போனது, என்ன வந்தது என்பதற்கு அது பொய் சொல்லாத சாட்சி. வந்ததை வைத்துக்கொண்டு நிரல் என்ன செய்தது என்று கேட்டால் சாட்சிக்கு ஒன்றும் தெரியாது. மேலே சொன்ன எழுத்து வெட்டுப்படும் கோளாறில் வயர்ஷார்க் பக்கம் முழுவதையும் குறையில்லாமல் காட்டும். அதிலிருந்து "பிழை என் பக்கம்தான்" என்று முடிவுக்கு வரலாமே தவிர, எந்த வரியில் என்று தெரியாது. பைத்தான் 3-இல் எழுத்துச் சரத்தைப் பைட்டாக மாற்றாமல் அனுப்ப முயன்றாலும் அப்படியே. அனுப்பும் வரியிலேயே நிரல் விழுந்துவிடும், வயர்ஷார்க்கில் கைகுலுக்கலும் விடைபெறுதலும் மட்டும் இருக்கும், நடுவே ஒரு பைட்கூட இருக்காது. லினக்ஸில் இருப்பவர்கள் இந்த இடத்தில் எஸ்ட்ரேஸைத் துணைக்கு அழைக்கலாம். ஒவ்வொரு ரிசீவ் அழைப்பும் எத்தனை பைட்டைத் திருப்பித் தந்தது என்பதை அது வரிவரியாகச் சொல்லும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒளிவதற்கு இடமே இல்லை.

பக்கத்தின் நடுவே சம்பந்தமில்லாமல் எண்களும் எழுத்துகளும் முளைக்கின்றன என்ற புகாரும் அடிக்கடி வரும். சங்க்டு முறையில் சர்வர் பக்கத்தைத் துண்டு துண்டாக அனுப்புகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் அதன் நீளம் பதினாறடி எண்ணில் வருகிறது. கடைசியில் ஒரு பூஜ்யம். இதைச் சோதிக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. "ஃபாலோ" மெனுவில் "எச்டிடிபி ஸ்ட்ரீம்" என்று இன்னொன்றும் இருக்கும். அது துண்டுகளை ஒட்டி, சுருக்கத்தையும் பிரித்து, சுத்தமான பக்கத்தைக் காட்டும். படிக்க இனிமை. ஆனால் உங்கள் ஸ்கிரிப்ட் எதில் இடறியதோ அதையே மறைத்துவிடும். சாக்கெட் ஸ்கிரிப்டைச் சோதிக்கிறவர்கள் "டிசிபி ஸ்ட்ரீம்" பக்கமே இருக்க வேண்டும். சங்க்டு வேண்டாம் என்றால் கோரிக்கையை எச்டிடிபி 1.0 என்று அனுப்பிப் பாருங்கள். அந்தப் பதிப்பில் அது கிடையாது. ஹோஸ்ட் ஹெடரை மட்டும் விட்டுவிடாதீர்கள். 1.1-இல் அது கட்டாயம், இல்லையென்றால் 400, 1.0-இல் கட்டாயமில்லை என்றாலும், ஒரே முகவரியில் பல தளங்கள் குடியிருக்கும்போது எந்தத் தளம் வேண்டும் என்று சர்வருக்கு அதுதான் சொல்கிறது.

இணைப்பே கிடைக்காத கோளாறுகளை இந்தக் கருவி சட்டென்று பிரித்துவிடும். சின் போய் உடனே ரீசெட் வந்தால் அந்தப் போர்ட்டில் (சர்வரின் கதவு எண்) யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. சின் திரும்பத் திரும்பப் போய்ப் பதிலே வராவிட்டால் வழியில் ஏதோ ஒன்று விழுங்குகிறது. சின்னே போகவில்லை என்றால் பெயரை முகவரியாக மாற்றும் கட்டத்திலேயே விழுந்திருக்கிறது. கணினிப் பெயர் கேட்கும் இடத்தில் முழு இணைய முகவரியையும் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். எல்லாம் சரியாக நடந்தும் பக்கம் காலியாக இருந்தால் முதல் நீல வரியைப் படியுங்கள். 301 என்று இருந்தால் தளம் வேறு முகவரிக்கு, பெரும்பாலும் எச்டிடிபிஎஸ்ஸுக்கு, போகச் சொல்கிறது. உலாவி தானாகப் போகும். சாக்கெட் ஸ்கிரிப்ட் போகாது.

இப்போது தராத அந்த ஒரு மதிப்பெண்ணுக்கு வருகிறேன். வயர்ஷார்க்கில் இரண்டு வடிகட்டிகள் உண்டு, இரண்டுக்கும் இரண்டு மொழிகள். பிடிக்கும் முன் போடும் வடிகட்டியில் "போர்ட் 80" என்று எழுத வேண்டும். பிடித்த பிறகு பார்வைக்குப் போடும் வடிகட்டியில் "டிசிபி.போர்ட் == 80" என்று எழுத வேண்டும். முதலாவதை இரண்டாவது பெட்டியில் எழுதினால் பெட்டி சிவப்பாகும். ஏன் என்று புதியவருக்குப் புரியாது. முன்னது டிசிபிடம்ப் என்ற பழைய பாக்கெட் பிடிக்கும் கருவியின் காலத்திலிருந்து வரும் வழக்கு, பின்னது வயர்ஷார்க்கின் சொந்த மொழி. வரலாற்றுக் காரணம் எனக்குப் புரிகிறது. ஆனால் கருவியை முதன்முறை திறக்கும் ஒருவர் வரலாற்றுக்கா பொறுப்பு?

திரையை நிறைக்கும் கூட்டமும் தொல்லைதான். வடிகட்டி இல்லாமல் பிடித்தால் நம் இருபது வரி ஸ்கிரிப்டின் பத்துப் பன்னிரண்டு பாக்கெட்டுகள், கணினியில் ஓடும் மற்ற எல்லாவற்றின் ஆயிரக்கணக்கான பாக்கெட்டுகளுக்குள் காணாமல் போய்விடும். அதோடு நெட்வொர்க் அட்டை செய்யும் சில வேலைகள் பார்வையைக் குழப்பும். ஈதர்நெட்டில் ஒரு டிசிபி பாக்கெட் அதிகபட்சம் 1460 பைட் சுமக்கும் என்று படித்தவர், திரையில் அதைப் போலப் பல மடங்கு நீளமுள்ள ஒன்றைப் பார்த்துத் திகைப்பார். வந்த பல பாக்கெட்டுகளை ஒன்றாகச் சேர்த்த பிறகே வயர்ஷார்க்கின் கையில் தருவதால் வரும் தோற்றம் அது. நாம் அனுப்பும் பாக்கெட்டுகளின் செக்சம் (பிழை கண்டறியும் சரிபார்ப்பு எண்) தவறு என்ற எச்சரிக்கையும் இப்படித்தான். செக்சத்தைக் கணக்கிடுவது அட்டையின் வேலை, வயர்ஷார்க் பார்க்கும் கணத்தில் அது இன்னும் நடந்திருக்காது. இப்போதைய பதிப்புகளில் டிசிபி செக்சம் சோதனை இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. யாரோ சொன்னார்கள் என்று அதைத் திறந்துவிட்டு, பிறகு என்னிடம் வருகிறார்கள்.

எச்டிடிபிஎஸ் தளங்களில் உரையாடல் மறையாக்கப்படுவதால் சாட்சிக்குக் கண்ணைக் கட்டிவிட்டதுபோல் ஆகிவிடும். இணைப்பின் தொடக்கத்தில் கிளையன்ட் எந்தப் பெயரைக் கேட்டது என்பது பெரும்பாலும் தெரியும். அதுவே சில நேரம் போதும். சான்றிதழ்ச் சோதனையை அணைத்துவிட்டு, தளத்தின் பெயரையும் கொடுக்காமல் இணைக்கும் ஸ்கிரிப்டுகளில் அந்தப் பெயர் இருக்காது. சர்வர் வேறு ஏதோ தளத்தின் பக்கத்தைத் தந்துவிடலாம். அதற்கு மேல் உள்ளே பார்க்க வேண்டுமானால் சாவிகளைக் கோப்பில் எழுதச் செய்ய வேண்டும். பைத்தான் 3.8 முதல், எஸ்எஸ்எல்கீலாக்ஃபைல் என்ற சூழல் மாறியில் ஒரு கோப்பின் பெயரைக் கொடுத்தால், இயல்பான டிஎல்எஸ் (எச்டிடிபிஎஸ்ஸின் மறையாக்க நெறிமுறை) அமைப்பைப் பயன்படுத்தும் ஸ்கிரிப்ட் தன் சாவிகளை அதில் எழுதும். அந்தக் கோப்பை வயர்ஷார்க்கின் விருப்பங்களில், டிஎல்எஸ் பகுதியில் காட்டினால் பூட்டு திறந்துவிடும். அருமையான வசதி. ஆனால் அதை விருப்பங்களுக்குள் இவ்வளவு ஆழத்தில் புதைத்து வைத்திருக்க வேண்டியதில்லை. அந்தச் சாவிக் கோப்பு யார் கையில் கிடைத்தாலும் அந்த உரையாடலை அவர்கள் படிக்கலாம் என்பதால் வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். உங்களுக்கு அனுமதி இல்லாத நெட்வொர்க்கில் எதையும் பிடிக்கவும் கூடாது.

இவ்வளவு பெரிய கருவி வேண்டுமா, கட்டளை வரியிலிருந்தே பக்கத்தை எடுக்கும் கர்ல் போதாதா என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கர்லை விரிவான வெளியீட்டு முறையில் ஓட்டினால், அது அனுப்பிய ஹெடர்களும் வந்த ஹெடர்களும் தெரியும். முதலில் அதை ஓட்டுங்கள். கர்லும் தோற்றால் கோளாறு ஸ்கிரிப்டில் இல்லை. வயர்ஷார்க்கைத் திறக்கவே வேண்டாம். கர்ல் ஜெயித்து ஸ்கிரிப்ட் தோற்றால்தான் வேலை ஆரம்பம். கர்ல் தான் அனுப்பியதைச் சொல்லுமே தவிர, உங்கள் ஸ்கிரிப்ட் அனுப்பியதைச் சொல்லாது. நெட்கேட்டும் அப்படித்தான், கையால் கோரிக்கையைத் தட்டிப் பார்க்க உதவும், ஆனால் கையால் தட்டியது சரியாக வருவதால் ஸ்கிரிப்ட் சரியாகிவிடாது. திரையில்லாத சர்வரில் இருப்பவர்கள் டிசிபிடம்ப்பில் பிடித்துக் கோப்பாகச் சேமித்து, தங்கள் கணினிக்குக் கொண்டுவந்து வயர்ஷார்க்கில் திறக்கலாம். வயர்ஷார்க்கோடு வரும் டீஷார்க்கும் கட்டளை வரியில் ஓடும்.

நான் செய்வது இதுதான். ஒரே பதிவுக்குள் கர்லையும் ஸ்கிரிப்டையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுகிறேன். இரண்டின் டிசிபி ஸ்ட்ரீமையும் இரண்டு சாளரங்களில் ஹெக்ஸ் டம்ப்பாகத் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சிவப்புப் பகுதியை மட்டும் மேலிருந்து கீழே ஒப்பிடுகிறேன். சில தளங்கள் யூசர்-ஏஜென்ட் ஹெடர் இல்லாத கோரிக்கையை 403 என்று தள்ளிவிடுகின்றன. கர்ல் அதைத் தானாகச் சேர்க்கிறது, சாக்கெட் ஸ்கிரிப்டில் நாம்தான் எழுத வேண்டும். இப்படிப்பட்ட வித்தியாசம் எந்தப் பிழைச் செய்தியிலும் வராது. இரண்டு சாளரங்களுக்கு நடுவே ஒரு வரி கூடுதலாக இருப்பதாகத்தான் தெரியும். ஸ்கிரிப்டோடு வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் நிரலைக் கேட்பதற்கு முன் இந்தப் பதிவுக் கோப்பைத்தான் கேட்கிறேன்.